நல்ல வெயிலில் நின்றுபோன இன்வெர்ட்டர்

வீட்டு மாடியில் சோலார் போட்ட கதை இது. புரட்டாசி கடைசியில் ஒரு பகல் பன்னிரண்டரை மணிக்கு, பேனலிலிருந்து வருகிற டிசி கரண்டை வீட்டுக்கு வேண்டிய ஏசி கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டரின் திரையில் 249.6 வோல்ட் என்று நின்றதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதலாம் என்று தோன்றியது. அதற்கு முந்தைய ஐந்து மாதத்தில் எழுதியிருந்தால் முழுக்கப் புலம்பலாகத்தான் இருந்திருக்கும்.

வீடு தென்காசியில். மொட்டைமாடி, எங்கள் பக்கத்துப் பேச்சில் தட்டட்டி, கிழக்கு மேற்காக 26 அடி, தெற்கு வடக்காக 40 அடி. சிங்கிள் பேஸ் இணைப்பு, ஒன்றரை டன் ஏசி ஒன்று, போர் மோட்டார் ஒன்று, மற்றதெல்லாம் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். சித்திரை, வைகாசிக் கணக்கில் 720 யூனிட் ஓடிவிட்டால் பில் நாலாயிரத்து நூறு ரூபாய்க்குக் கிட்ட வரும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அதற்கப்புறம் ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டும் எட்டரை ரூபாய்க்கு மேல் என்பதுதான் என்னை சோலார் பக்கம் தள்ளியது. வீட்டு மாடி சோலாருக்கென்று 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றானதும் வீட்டில் எதிர்ப்பும் குறைந்தது. அம்மா மட்டும் "வத்தல் எங்கல காயப் போட?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்னும் முழுசாகப் பதில் கிடைக்கவில்லை.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். 1,68,000, 1,98,000, 2,25,000. குறைந்த விலைக்காரர் ஒரே பக்கத்தில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தந்தார். அதிக விலைக்காரர் வெளியூர், பழுது என்றால் ஆள் வர இரண்டு நாள் ஆகும் என்று அவரே சொல்லிவிட்டார். நடுவில் இருந்தவர் உள்ளூர்த் தம்பி, பைக்கில் பத்து நிமிஷம். பேனல் எந்த கம்பெனி, இன்வெர்ட்டர் எத்தனை கிலோவாட், பேனலைத் தாங்குகிற ஸ்ட்ரக்சர் இரும்பு எத்தனை மில்லிமீட்டர் என்று வரிசையாகக் கொடுத்திருந்தார். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டருக்குப் போகிற ஏசி கேபிளுக்கு நேராக மட்டும் "தேவையான அளவு" என்று இருந்தது. நான் அதைப் படித்தேன், தலையையும் ஆட்டினேன். ஐந்து மாதத் தலைவலி அந்த இரண்டு வார்த்தைக்குள்தான் இருந்தது.

முதல் தடங்கல் காகிதத்தில் வந்தது. மின் இணைப்பு இன்னும் அப்பா பெயரில் இருந்தது, அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. இணைப்பு யார் பெயரிலோ அவருடைய வங்கிக் கணக்கில்தான் மானியம் வரும் என்பதால் பெயர் மாற்றம் முடியாமல் எதுவும் நகராது. வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், வீட்டு வரி ரசீது என்று மூன்று வாரம் போயிற்று. சோலார் போட நினைக்கிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் ஈபி அட்டையில் யார் பெயர் இருக்கிறது, இனிஷியல் பாங்க் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் மாட்டினால் மாதக் கணக்கில் இழுக்கும்.

மானியம் வேண்டுமென்றால் வெயிலைக் கரண்டாக்குகிற செல்லும் இந்தியாவிலேயே செய்ததாக உள்ள பேனல்தான் போட வேண்டும். அதனால் விலை கொஞ்சம் கூடுதல். 540 வாட் பேனல் ஆறு, மொத்தம் 3,240 வாட். ஒரு பேனல் ஏழரை அடி நீளம், மூணே முக்கால் அடி அகலம், தனியாள் தூக்க முடியாது. ஆறையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் இடைவெளியோடு 22 அடி 8 அங்குலம் வந்தது. 26 அடி மாடியில் இரண்டு பக்கமும் நடக்க இடம் மிஞ்சியது. மூன்று மூன்றாக இரண்டு வரிசை வைத்தால் இரும்பு குறையும் என்று தம்பி சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். காரணம் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் இங்கே அடிக்கிற காற்றுக்குத்தான் ஊரைச் சுற்றி அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆழம் அதிகமான ஸ்ட்ரக்சர் என்றால் பின்பக்கம் இன்னும் உயரும், பாய்மரம் கட்டின மாதிரி ஆகிவிடும்.

சாய்வு விஷயத்திலும் ஒரு வாக்குவாதம். தம்பி எல்லா வீட்டுக்கும் 15 டிகிரி வைக்கிறார். நம் ஊர் அட்சரேகையே கிட்டத்தட்ட 9 டிகிரிதான். சித்திரை ஒன்றிலிருந்து ஆவணி பாதி வரை நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், தெற்கே அதிகமாகச் சாய்த்து வைத்து என்ன ஆகப்போகிறது? 9 டிகிரி போதும் என்று முடிவானது. முன்கால் ஆறரை அடி, பின்கால் 7 அடி 8 அங்குலம். கீழே நிமிர்ந்து நடக்கலாம், துணி காயப் போடலாம். வத்தலுக்குத்தான் நிழல்.

இரும்பு வந்து இறங்கின அன்று ஒரு கூத்து. 60க்கு 40 மில்லிமீட்டர் ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசின இரும்பு, 2 மில்லிமீட்டர் கனம் என்பது பேச்சு. கையில் எடுத்தபோதே லேசாகத் தெரிந்தது. எதிர் லேத் பட்டறையில் கனம் அளக்கிற வெர்னியர் வாங்கி வந்து குழாயின் வாயில் வைத்துப் பார்த்தால் 1.6. தம்பி கடைக்காரர் மாற்றி ஏற்றிவிட்டார் என்றார். இருக்கலாம். நான் கோபப்படவில்லை, "2 மில்லி வந்தப்புறம் வேலை ஆரம்பிக்கலாம்" என்று மட்டும் சொன்னேன், மறுநாள் வந்துவிட்டது. வெர்னியர் வைத்து அளக்கிற ஆள் என்று தெரிந்த பிறகு அடுத்த வேலைகள் கொஞ்சம் ஒழுங்காக நடந்த மாதிரி எனக்கு ஒரு நினைப்பு.

எட்டுக் கால். மாடியில் தட்டோடு பதித்திருக்கிறது. தட்டோட்டை 15 சென்டிமீட்டர் சதுரத்துக்கு வெட்டியெடுத்து, கீழே கான்கிரீட் தளம் தெரிகிற வரை சுருக்கி என்கிற செங்கல் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி, தளத்திலேயே ஆங்கர் போல்ட் இறக்கி, பேஸ் பிளேட்டை முறுக்கி, அதற்கு மேல் ஒரு அடிக்கு ஒரு அடி கான்கிரீட் போட வேண்டும் என்று பேசியிருந்தோம். ஆறு கால் அப்படியே நடந்தது. ஏழாவது, எட்டாவது கால்களின்போது நான் மகனைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் தட்டோட்டின் மேலேயே துளை போட்டு போல்ட்டை இறக்கிக் கான்கிரீட்டும் போட்டு மூடியிருந்தார்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி, நூறு வீட்டுல போட்டிருக்கோம்" என்றார் தம்பி. சரி போகட்டும் என்று விட்டேன். ஆனி மாதச் சாரலில் படுக்கையறைக் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் பூத்தது, சரியாக எட்டாவது காலுக்குக் கீழே. அப்புறம் அந்த இரண்டையும் உடைத்துத் திரும்பச் செய்தார்கள், காசு கேட்கவில்லை. ஆனால் உடைக்கிற அதிர்வில் சுற்றியிருந்த நாலு தட்டோடு விரிசல் விட்டுப்போய் அதற்கு நான் கொத்தனாருக்கு 1,400 கொடுத்தேன்.

எர்த் குழி மூன்று: இன்வெர்ட்டரின் ஏசி பக்கத்துக்கு ஒன்று, டிசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. பத்தடித் தாமிர முலாம் கம்பி. எங்கள் சரளை மண்ணில் ஆறடிக்குக் கீழே கல் தட்டியது. இரண்டு குழியை நாலடி தள்ளித் தோண்ட வேண்டியிருந்தது, ஒரு முழு நாள் போயிற்று. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மலையடிவாரத்து ஊர், சித்திரை மழையில் இடி எப்படி இறங்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

பேனல் ஏறியது ஒரே காலையில். வயரிங் ஒரு நாள். ஆறு பேனலும் வரிசையாகக் கோத்து கிட்டத்தட்ட 300 வோல்ட் டிசி கீழே இறங்குகிறது. இன்வெர்ட்டரைப் படிக்கட்டுக்குக் கீழே மாட்டினார்கள். அங்கிருந்து முன்வாசல் மீட்டர் போர்டுக்குச் சுவரோடு 22 மீட்டர். மின் வாரியத்திலிருந்து வந்து, ஈபியிடம் வாங்குவதையும் கொடுப்பதையும் தனித்தனியாக எண்ணுகிற மீட்டரை மாட்டி, பேனலுக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்து இணையதளத்தில் ஏற்றி, மே இரண்டாவது வாரத்தில் ஸ்விட்சைப் போட்டோம். முதல் நாள் 11 யூனிட். வீட்டில் பாயசம்.

பாயசத்தின் ருசி நாலு நாள் நின்றது. ஐந்தாவது நாள் நல்ல வெயில், மேகம் ஒரு பொட்டு இல்லை, சாயங்காலம் பார்த்தால் 8.6 யூனிட். கைபேசியில் அன்றைய உற்பத்திக் கோடு காலையிலிருந்து அழகாக மேலே ஏறி, பதினொன்றரை மணியிலிருந்து இரண்டு மணி வரை பல் உடைந்த சீப்பு மாதிரி விழுந்து விழுந்து எழுந்திருந்தது. விழுந்த ஒவ்வொரு இடத்திலும் "கிரிட் ஓவர் வோல்டேஜ்" என்று ஒரு குறிப்பு. ஈபி பக்கத்து வோல்டேஜ் வரம்புக்கு மேல் போனால் இன்வெர்ட்டர் தானாகத் துண்டித்துக்கொள்ளும், சில நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்பச் சேரும். எங்கள் இன்வெர்ட்டரில் வரம்பு 260 என்று வைத்திருந்தார்கள்.

தம்பிக்குப் போன் போட்டேன். "ஈபி வோல்டேஜ் ஏறுது அண்ணாச்சி, அதுக்கு நாம என்ன செய்ய?" ஈபியில் புகார் பதிந்தேன். லைன்மேன் ஒருவர் சாயங்காலம் ஆறரைக்கு வந்து பார்த்தார், 232. "சுத்தமா இருக்கே சார்." அவர் சொன்னதும் உண்மை, ஆறரைக்குச் சூரியனே இல்லையே. திரும்பவும் தம்பியிடம் போனேன். வரம்பை 275க்கு ஏற்றிவிடுகிறேன், ஒரு நிமிஷ வேலை என்றார். அப்படி ஏற்றினால் இன்வெர்ட்டர் நிற்காது, ஆனால் அந்த வோல்டேஜ் வீட்டு வயரிங்கிலும் இருந்துகொண்டேதானே இருக்கும் என்று எனக்குப் பட்டது. வேண்டாம் என்றேன். நான் எடுத்த முடிவுகளில் இது ஒன்றுதான் முதல் தடவையே சரியாக அமைந்தது.

அதற்குள் ஜூன் வந்தது, சாரல் இறங்கியது. குற்றாலத்துக்கு ஊரே குளிக்க வருகிற காலத்தில் எங்கள் பேனலுக்கு வெயில் பாதிதான். நாளுக்கு 6, 7, சில நாள் 4 யூனிட். ஆனால் கோடு ஒரு இடத்திலும் அறுபடவில்லை, ஓவர் வோல்டேஜ் குறிப்பும் இல்லை. நானும் முட்டாள்தனமாக, ஈபிக்காரர்கள் டிரான்ஸ்பார்மரில் ஏதோ சரிசெய்துவிட்டார்கள் போல என்று நம்பிக்கொண்டு மூன்று மாதம் விட்டுவிட்டேன். பேனல் பாதிச் சுமையில் ஓடுகிறது, கரண்ட் குறைவு, அதனால் வோல்டேஜ் ஏறவில்லை. அவ்வளவுதான் விஷயம். அப்போது புத்தியில் உறைக்கவில்லை.

அந்த மாதங்களில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மின்தடை. அன்று பார்த்துச் சாரல் விலகிச் சுள்ளென்று வெயில். ஃபேன் ஓடவில்லை. பேட்டரி இல்லாத இந்த வகை இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் இல்லையென்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கிற ஆளுக்கு நம் வீட்டுக் கரண்ட் அடித்துவிடக் கூடாதே. எனக்கு இது தெரியும், வீட்டில் சொல்லி வைக்கத்தான் மறந்துவிட்டேன். அம்மா விசிறியோடு வாசலில் உட்கார்ந்துகொண்டு, "தட்டட்டி பூரா கரண்டு காயுது, வீட்டுக்குள்ள ஒரு ஃபேன் சுத்தல" என்று போகிற வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புரட்டாசி வெயில் வந்ததும் சீப்புப் பல் திரும்ப உடைந்தது. இந்தத் தடவை யாருக்கும் போன் போடவில்லை. 900 ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் கிடந்தது, அதை எடுத்தேன். துணைக்கு எங்கள் தெரு வயர்மேன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அறுபது வயசுக்கு மேல், அப்பா காலத்தில் இந்த வீட்டுக்கு வயரிங் செய்தவர்.

பகல் பன்னிரண்டு, இன்வெர்ட்டர் 2,600 வாட்டில் ஓடுகிறது. இன்வெர்ட்டர் முனையில் அளந்தால் 257. அதே நிமிஷம் அண்ணாச்சி மீட்டர் போர்டில் அளந்தால் 248. இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு அளந்தோம், இரண்டு இடத்திலும் 243. அதாவது ஈபி லைன் கொஞ்சம் உயரம்தான், ஆனால் கழுத்தைப் பிடிக்கிற அளவுக்கு இல்லை. மீட்டருக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவிலிருக்கிற 22 மீட்டரில், நம் சுவரிலேயே, 9 வோல்ட் உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் உள்ளேயிருந்து வெளியே போகும்போது வழியில் தடை இருந்தால் இன்வெர்ட்டர் தன் பக்கம் வோல்டேஜை ஏற்றித்தான் தள்ள முடியும். பேனல் முழு வீச்சுக்கு வந்தால் 260ஐத் தொட்டு நின்றுவிடும்.

கேபிளைப் பார்த்தோம். 2.5 சதுர மில்லிமீட்டர். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். போக வர 44 மீட்டர், 10 ஆம்பியர், மூணேகால் வோல்ட் இழப்பு வரும். மீதி ஆறு வோல்ட் எங்கே? அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மீட்டர் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இந்த நியூட்ரல் லிங்க்கு நான் மாட்டினது. முப்பது வருசம் இருக்கும். இதுலயா கொண்டாந்து சொருகியிருக்கான்?"

மெயினை அணைத்துவிட்டுத் திறந்தோம். நியூட்ரல் கம்பிகளை ஒன்றாகச் சேர்க்கிற இடம்தான் இந்த லிங்க்: பழைய பேக்கலைட் கட்டை, நடுவில் பித்தளைப் பட்டை. ஒரே திருகுக்கடியில் சர்வீஸிலிருந்து வருகிற அலுமினியக் கம்பியும் சோலாரிலிருந்து வருகிற தாமிரக் கம்பியும் முறுக்கித் திணித்திருந்தது. தாமிரத்தின் கறுப்பு உறை ஒரு அங்குலத்துக்குச் சுருங்கி, கண்ணாடி மாதிரி பளபளத்துக்கொண்டிருந்தது. அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பொடி, விரலால் தொட்டால் சாம்பல் மாதிரி உதிர்ந்தது. திருகு அரைச் சுற்றுத் தளர்ந்தே இருந்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் எரிந்த வாடை. ஆறு வோல்ட், பத்து ஆம்பியர் என்றால் அறுபது வாட். ஒரு பழைய குண்டு பல்பின் சூடு, சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில், தினமும் மத்தியானம். மேலே மரச்சட்டம். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் வேலை. 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி 46 மீட்டர், 4,100 ரூபாய். புது நியூட்ரல் லிங்க், சோலாரை மட்டும் துண்டிக்கத் தனியாக ஒரு 32 ஆம்பியர் ஐசொலேட்டர் ஸ்விட்ச், அலுமினியமும் தாமிரமும் ஒன்றையொன்று தொடாமல் சேர்க்கிற லக், எல்லாம் 680. அண்ணாச்சி 900 வாங்கிக்கொண்டார், அதிகம் கேட்கவே மாட்டார். ஒரே ஒரு இடத்தில்தான் நான் குறுக்கே விழுந்தேன். இன்வெர்ட்டரை நகர்த்தலாம் என்று டிசி பிளக்கை உருவக் கை வைத்தார். வெயிலில், ஓடிக்கொண்டிருக்கும்போது அதை உருவினால் தீப்பொறி நீண்டு பிடித்துக்கொள்ளும், டிசி லேசில் அணையாது. முதலில் ஏசி பிரேக்கர், அப்புறம் டிசி ஸ்விட்ச், அதற்கப்புறம்தான் பிளக். வீட்டு வயரிங்கில் நாற்பது வருஷ அனுபவம் உள்ளவருக்கும் இது புதுசு. மெயினை அணைத்தால் எல்லாம் செத்துவிடும் என்கிற பழக்கம் சோலாரில் உதவாது.

மாட்டி முடித்து, அதே வெயில், அதே 2,600 வாட். மீட்டர் போர்டில் 248.0. இன்வெர்ட்டரில் 249.6. ஒன்பது வோல்ட் ஒன்றரை வோல்ட்டானது. அன்று வேலை முடியவே மதியமாகிவிட்டது. மறுநாளிலிருந்து நல்ல வெயில் நாளில் 13, 13.5 என்று வர ஆரம்பித்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு வந்த இரண்டு மாதக் கணக்கில் 630 யூனிட் உற்பத்தி, ஈபியிடம் வாங்கினது 410, ஈபிக்குக் கொடுத்தது 385, பில்லில் நிகரமாக நின்றது 25 யூனிட். தம்பியிடம் படங்களைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேபிளுக்கான 4,100ஐ ஜீபேயில் அனுப்பிவிட்டார். இப்போது அவர் மாட்டுகிற வீடுகளில் 6 சதுர மில்லிமீட்டர் போடுவதாகச் சொல்கிறார், ஒரு வீட்டில் நானே போய்ப் பார்த்தேன், போட்டிருந்தார்.

மொத்தச் செலவு: 1,98,000, கொத்தனார் 1,400, திரும்பச் செய்த வயரிங்கில் என் கையிலிருந்து 1,580, ஆக 2,00,980. மானியம் 78,000 போனால் 1,22,980. வருஷத்துக்கு 17,000 ரூபாய் மிச்சம் என்று வைத்தால் ஏழு வருஷத்தில் திரும்பும். நாலு வருஷத்தில் திரும்பிவிடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். எங்கள் சாரல் ஊரில் ஆகாது.

இன்னொரு தரம் போட்டால் இன்வெர்ட்டரைப் படிக்கட்டுக்கடியில் வைக்க மாட்டேன், மீட்டருக்குப் பக்கத்துச் சுவரில் வைத்துவிட்டு டிசி கேபிளை நீளமாக இழுப்பேன். டிசி பக்கத்தில் கொஞ்சம் வோல்டேஜ் விழுந்தாலும் அதற்காக இன்வெர்ட்டர் நிற்காது. ஏசி கேபிள் கனத்தை விலைப்பட்டியலில் எண்ணால் எழுதச் சொல்வேன். பழைய மெயின் போர்டை முதல் நாளே மாற்றிவிடுவேன். முதல் வாரத்து வெயிலிலேயே இரண்டு முனையிலும் வோல்டேஜ் அளந்து சுவரில் பென்சிலால் எழுதி வைப்பேன்.

தண்ணீர்த் தொட்டி விஷயம் மார்கழியில்தான் தெரிந்தது. நிழல் எங்கே விழுகிறது என்று நான் பார்த்தது மாசியில், அப்போது பேனலைத் தொடவில்லை. மார்கழியில் சூரியன் தெற்கே ஒதுங்கினதும் தென்கிழக்கு மூலைத் தொட்டியின் நிழல் முதல் பேனலில் காலை ஒன்பதரை வரை கிடக்கிறது. ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கு மறைந்தாலும் காலைக் கோடு மொண்ணையாகிவிடுகிறது. தொட்டியை வடக்கே நகர்த்த பிளம்பர் 4,500 கேட்டிருக்கிறார். நகர்த்தினால் தெற்கு ஓரத்தில் நாலுக்கு ஆறு அடி வெயில் இடம் காலியாகும், பேனல் நிழலும் அங்கே எட்டாது. அம்மா அந்த இடத்தை நேற்றே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பிளம்பர் எப்போது வருவார் என்று கேட்டாள்.